ஜாக்குலினின் கழுத்துக் கட்டி

மாமல்லபுரத்து விடுதி ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்பவள் ஜாக்குலின். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் சீருடையின் மேல் பொத்தானைப் போட்டபோதுதான் அது விரலில் தட்டுப்பட்டது. தொண்டைக்குக் கீழே, வேர்க்கடலை அளவில் ஒரு கட்டி. வலி இல்லை.

ஷேர் ஆட்டோ ஓட்டும் கணவன் தமிழ்வாணனிடம் காட்டினாள். அவன் கண்கள் தானாகவே அணுமின் நிலையம் இருக்கும் திசைக்குப் போயின. கல்பாக்கத்தை ஒட்டிய அவர்கள் ஊரில் யாருக்கு எது வந்தாலும் முதலில் அங்கேதான் பார்ப்பார்கள்.

அந்த ஞாயிறு ஊர்ச் சமுதாயக் கூடத்தில் அணுமின் நிலையத்தைப் பற்றிக் கூட்டம் நடந்தது. கதிர்வீச்சு எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஆபத்து உண்டு என்றார் நிலையத்தை எதிர்த்துவரும் வழக்கறிஞர் கலைவாணன். ஓர் அளவுக்குக் கீழே கெடுதல் என்று இதுவரை உறுதியாகவில்லை, மண்ணிலும் வாழைப்பழத்திலும்கூடக் கதிர்வீச்சு இருக்கிறது என்றார் ஓய்வுபெற்ற விஞ்ஞானி பார்த்தசாரதி. விஞ்ஞானிகளே இன்னும் ஒத்துப்போகாத விஷயம் அது.

கூட்டம் முடிந்ததும் ஜாக்குலின் பார்த்தசாரதியிடம் போனாள்.

"சார், கய்த்துல கட்டி வந்துகீது. அந்தக் கதிரால வந்ததா?"

"இங்க இருக்கற அளவுக்கு அதெல்லாம் வராதும்மா. தைரியமா இருங்க."

கேட்ட கேள்விக்குத் தமக்குத் தெரிந்த பதிலைத்தான் அவர் சொன்னார். அவளுடைய கழுத்தைப் பார்க்கவில்லை.

கலைவாணன் பார்த்தார், பதறவும் செய்தார். "மெட்ராஸ்லேர்ந்து டாக்டருங்க வராங்க, ஊரையே செக் பண்ணப் போறோம். அது வரிக்கும் பொறும்மா. நீ மட்டும் தனியா போனா ஒரு கேஸு. எல்லாரும் சேந்தாதான் ஆதாரம்."

ஒருவர் பேச்சில் பயம் போயிற்று. மற்றவர் பேச்சில் நாள் போயிற்று. மழைக்காலம் முடிந்து கோடையும் வந்தது. டாக்டர்கள் வரவில்லை. கட்டி எலுமிச்சை அளவானது, குரல் கரகரத்தது. ஒருநாள் காலையில் கஞ்சிகூட இறங்காமல் அவள் திணறியபோது, தமிழ்வாணன் தன் ஆட்டோவிலேயே செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான்.

எல்லாப் பரிசோதனையும் முடிந்த பிறகு மருத்துவர் ஸ்ரீதேவி தணிந்த குரலில் பேசினார். "தைராய்டு புத்துநோய். நுரையீரல் வரைக்கும் பரவிடுச்சு. ஆரம்பத்துலயே வந்திருந்தா பெரும்பாலும் சரி பண்ணியிருக்கலாம்."

"இன்னாத்தால வந்துச்சும்மா?" என்றான் தமிழ்வாணன்.

"ஒருத்தருக்கு இதனாலதான் வந்துச்சுன்னு யாராலயும் உறுதியா சொல்ல முடியாதுங்க. இந்தப் பக்கமே வராதவங்களுக்கும் வருது."

செய்தி கேட்டுக் கலைவாணன், பார்த்தசாரதி இரண்டு பேரும் ஒரே மாலையில் வீட்டுக்கு வந்தார்கள்.

"பாத்தீங்களா சார், இதுக்கு மேல இன்னா ஆதாரம் வேணும்?" என்றார் கலைவாணன்.

"இந்த ஒண்ண வச்சு அப்படிச் சொல்லிட முடியாது."

படுத்திருந்தவளைத் தாண்டி வாதம் போய்க்கொண்டே இருந்தது. ஜாக்குலின் கையை உயர்த்தினாள். குரல் வெறும் காற்றாக வந்தது.

"எதுனாலன்னு ரெண்டு பேரும் சொன்னீங்க சார். போய் டாக்டராண்ட காட்டுன்னு ஒருத்தரும் சொல்லலியே."

பார்த்தசாரதி தலை குனிந்தார். "சொல்லியிருக்கணும்மா. அதத்தான் முதல்ல சொல்லியிருக்கணும்."

அவளுக்கோ இனி எந்தப் பதிலாலும் பயனில்லை.

தமிழ்வாணன் எழுந்து கதவருகே போய் நின்றான்.

"உங்க சண்ட எப்ப வேணா முடியட்டும் சார். அது வரிக்கும் சீக்கு காத்துகினு இருக்காது."