வயர் பிடிக்காத அண்ணன்

அண்ணன் வாங்கிய கேமிங் லேப்டாப்பின் விலை தபால்காரருக்குக் கூடத் தெரியும். அதில் இருப்பது புத்தம் புது கிராபிக்ஸ் சிப். என்னுடையது பாதி விலை, பழைய சிப். அவன் அதற்கு வைத்த பெயர் செங்கல்.

எனக்கு வயிற்றெரிச்சல்தான், மறைக்க மாட்டேன். வீடு, கடைகளுக்கு உள் அலங்காரம் வரைந்து கொடுப்பது என் தொழில். இன்னும் கட்டாத அறைக்குள் நடந்து போவதுபோல் ஒரு வீடியோ செய்ய என் செங்கல் பதினாறு மணி நேரம் எடுக்கும். அவனுடையது ஐந்தே மணி நேரத்தில் முடித்துவிடும். ஒரு ஹோட்டல் வேலை வெள்ளிக்கிழமைக்குள் போயாக வேண்டும். இரண்டு நாள் இரவல் கேட்டேன்.

"இது கார் ரேஸ் ஓட்டுற மிஷின். உன் சோபாவையெல்லாம் இதுல ஓட்ட முடியாது" என்றான்.

அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. சார்ஜ் ஏற்றியதும் கனமான சார்ஜரைப் பெட்டிக்குள் ஒளித்துவிட்டு, மடியில் வைத்து விளையாடுவான். வயர் தொங்கினால் அழகு கெட்டுவிடுமாம். பேட்டரியில் ஓடும்போது அந்தச் சிப்புக்குத் தேவையான மின்சாரம் கிடைக்காது. பாதி வேகம்கூட வராது. சொல்லத்தான் வாயெடுத்தேன். "என்ன செங்கல், முறைக்கிற?" என்றான். வாயை மூடிக்கொண்டேன்.

"போட்டி வச்சுக்கலாமா அண்ணா?"

ஒரே விளையாட்டு, ஒரே சாலை. விநாடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்று திரையின் மூலையில் ஓர் எண் தெரியும். அப்பா நடுவர். என் வயர் சுவரில், அவன் லேப்டாப் மடியில்.

"இவளோடது எழுபத்திரெண்டு. உன்னோடது முப்பத்தொண்ணு."

"கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாருங்கப்பா!"

அப்பா நிதானமாகத் துடைத்தார். "இப்ப முப்பது."

அண்ணன் முகம் தொங்கிவிட்டது. மாலையில் தேனொழுகப் பேசிக்கொண்டு என் அறைக்கு வந்தான்.

"பாவம், உனக்குப் பெரிய வேலை வந்திருக்கு. என்னோடதை நீயே வச்சுக்க. செங்கலை எனக்குக் குடு."

மட்டமென்று நினைத்ததை என் தலையில் கட்டப் பார்க்கிறான்! இருந்த கொஞ்ச உறுத்தலும் அந்த நொடியில் போய்விட்டது.

"அப்புறம் பேச்சு மாற மாட்டியே?"

"மாத்தினா மாத்தினதுதான்."

அது அவனே போட்ட சட்டம். சின்ன வயதில் பிரேக் இல்லாத தன் சைக்கிளைக் கொடுத்து என் புது சைக்கிளை வாங்கிக்கொண்டான். நான் சுவரில் மோதி முட்டியைப் பெயர்த்துக்கொண்டு அழுதபோது சொன்ன சட்டம்.

"சரி, பெட்டியோட குடு" என்றேன்.

செங்கலின் வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அதை மடியில் ஏந்திக்கொண்டு ஹாலுக்குப் போனான். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தான்.

"இது பதினெட்டு காட்டுது! என்ன பண்ணித் தொலைச்ச?"

என் மேசையில் அவன் லேப்டாப் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தது. ஹோட்டல் வரவேற்பறை திரையில் உருவாகத் தொடங்கியிருந்தது. அவன் கண் வயரைப் பிடித்துக்கொண்டு மேசைக்குக் கீழே போய், சுவர் வரை போய், பிளக்கில் நின்றது.

"அம்மா! இவ என்னை ஏமாத்திட்டா!"

சமையலறையிலிருந்து பதில் வந்தது.

"மாத்தினா மாத்தினதுதான்டா. வேணும்னா அந்தப் பழைய சைக்கிளையும் எடுத்துக்க. இன்னும் மாடியிலதான் கிடக்கு."