முட்டை வைக்காத கோழிக்கு வயிறு வீங்கிய கதை

அறுபத்தாறாம் வருஷம் தாராவியில் எங்கள் குடிசை வரிசையில் வயிறாரச் சாப்பிட்ட ஒரே ஜீவன் ஆறுமுகத்தாயின் கோழிதான். மனிதர்களுக்கு ரேஷன் கடையில் சோளமும் வண்டு விழுந்த கோதுமையும் கிடைத்தன. கோழிக்கு அரிசி கிடைத்தது. அதன் காரணத்தை முதலில் சொல்லிவிட வேண்டும்.

மகள் தங்கமயில் டைபாய்டு காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தபோது, ஆறுமுகத்தாய் இசக்கியம்மனுக்கு ஒரு வெடைக்கோழி நேர்ந்துகொண்டாள். வெடை என்றால் இன்னும் முட்டை வைக்காத இளங்கோழி. ஒரு முட்டை வைத்துவிட்டாலும் அம்மனுக்கு ஆகாது. பிள்ளை பிழைத்தாள். நேர்ச்சை தவறினால் காய்ச்சல் திரும்பும் என்று ஆறுமுகத்தாய் நம்பினாள்; வரிசையில் நம்பாதவர்களும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

நேர்ந்துவிட்ட கோழியை அடிக்கக்கூடாது, விரட்டக்கூடாது. அது எந்த வீட்டுக்குள் நுழைகிறதோ அந்த வீட்டுக்குப் புண்ணியம். ஆகவே அவரவர் நல்ல நாளுக்கென்று ஒளித்து வைத்த பிடி அரிசியில், அது காலையில் ஒரு வீட்டில் இட்லியும் மத்தியானம் இன்னொரு வீட்டில் சோறுமாகப் புண்ணியம் வழங்கி வந்தது. கழுத்தே தெரியாத அளவுக்குக் கொழுத்தது.

செவ்வாய்க்கிழமை அம்மனுக்குக் கொடை, அதாவது நேர்ந்த கோழியை வெட்டும் திருவிழா. அதற்குச் சில நாள் இருக்கையில் அதன் பின்வயிறு வீங்கிவிட்டது. வாலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, காலை அகட்டி, சுவரைப் பார்த்து நின்றது.

அம்மன் வந்து ஆடுகிறவர் பூலோகம். மற்ற நாட்களில் தோல் பட்டறையில் வேலை. வெட்டிய கோழி குழம்பாகி யார் இலைக்கு வரும் என்று தெரிந்தவர் ஆதலால் ஓடி வந்தார். வாயுதான் என்று தீர்ப்புச் சொல்லி, கோலிசோடா வாங்கிவரச் செய்து, கோழிக்கு நாலு சொட்டு ஊற்றினார். ஏப்பம் வந்தது. கோழிக்கு அல்ல, மிச்ச சோடாவைக் குடித்த பூலோகத்துக்கு.

அடுத்த வீட்டு நூர் நிஷா வந்து கோழியை மடியில் வைத்து வயிற்றைத் தடவிப் பார்த்தாள். கொழுப்பேறிய கோழி, முதல் முட்டை, வழியில் அடைத்துக்கொண்டது என்றாள்.

“வெந்நீர்ல உக்கார வச்சு, வெளக்கெண்ண தடவுனா வந்துரும். விட்டா நாளைக்குச் செத்துரும்.”

முட்டை வந்தால் கோழி வெடை இல்லை. வராவிட்டால் கோழியே இல்லை. பூலோகம் தாடையைச் சொறிந்தார்.

“செவ்வாக்கிழம வரைக்கும் தாங்காதா, ஏளா? கொடைக்கு இன்னும் நாள் கெடக்கே.”

“நீரு தாங்குவீராவே, பின்னால கல்ல அடச்சா?” என்றாள் நூர் நிஷா.

ஆறுமுகத்தாய் கோழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது கண்ணைப் பாதி மூடி, வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. அவள் எழுந்து ஸ்டவ்வைப் பற்றவைத்தாள்.

கை பொறுக்கிற சூட்டில் நீரை அலுமினியச் சட்டியில் ஊற்றி, கோழியின் பின்பக்கம் முங்கும்படி இறக்கினார்கள். முதலில் உதறியது, பிறகு எண்ணெய்க் குளியலுக்கு வந்த மாமியார் மாதிரி கண்ணை மூடி அமர்ந்துகொண்டது. நீர் ஆற ஆற மாற்றினார்கள். துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, கூடையில் வைத்துச் சாக்கால் மூடினார்கள். வெகுநேரம் கழித்து உள்ளே ஒரு கூப்பாடு. சாக்கை விலக்கினால் ரத்தக் கோடு விழுந்த முட்டை. கோழி அதைத் தனக்குச் சம்பந்தமில்லாத பொருள்போலப் பார்த்தது.

நேர்ச்சை போச்சு என்று பூலோகம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை மேளம் உச்சத்தில் இருந்தபோது அம்மன் பூலோகத்தின்மேல் வந்தாள். வந்ததும் வெடை எங்கே என்று கேட்டாள். ஆறுமுகத்தாய் மகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முன்னால் போனாள். தட்டில் முட்டை மட்டும் இருந்தது.

“தாயே, எம்புள்ளய காப்பாத்துனவ நீ. இன்னொரு உசுரு எங்கண்ணு முன்னால சாவ, பாத்துக்கிட்டு நிக்க முடியல. இது அதோட மொத முட்ட. தலப்பேறு ஒனக்குத்தான். ஏத்துக்கிடுதியா, இல்லையா? சொல்லிரு.”

மேளம் நின்றது. அம்மன் சுற்றிலும் பார்த்தாள். அந்தக் கோழிக்குச் சோறு போட்ட அத்தனை பெண்களும் இடுப்பில் கைவைத்து நின்றார்கள். அம்மனுக்கு வியர்த்தது. பிறகு திருநீறு அள்ளிப் பிள்ளையின் நெற்றியில் அப்பினாள்.

“ஏத்துக்கிட்டேன். இனி காய்ச்ச வராது. முட்டைய அவிச்சுப் புள்ளைக்கே குடு. எலும்பாக் கெடக்கா.”

ஆறுமுகத்தாய் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். வீட்டுக்கு வந்ததும் முட்டையை அவித்து, மிளகும் உப்பும் தூவிக் கொடுத்தாள். தங்கமயில் வெள்ளையைத் தின்றுவிட்டு, மஞ்சள் கரு வாடை அடிக்கிறது என்று தள்ளிவிட்டாள். சாமி கொடுத்ததை எறியக்கூடாதே என்று அதை ஆறுமுகத்தாய் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.