தங்கபுஷ்பத்தின் அரைமணி நேரம்

தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் பஸ் முதலாளிக்கு டைம்கீப்பராக இருந்த நல்லதம்பிக்கு ஒரு மாதமாக மனசே சரியில்லை. காரணம் அவர் மனைவி தங்கபுஷ்பம். மத்தியானம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும் பின்வாசலில் உட்கார்ந்துவிடுவாள். அரைமணி நேரம் பேச்சில்லை, கையில் வேலையில்லை. அவள் சித்தி ஒருத்தி இப்படித்தான் உட்கார ஆரம்பித்து, கடைசியில் பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாமல் போனவள்.

அறுபத்தொன்றாம் வருஷம் ஆடி மாதம் ஒருநாள், சாப்பிட வந்தவர் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்.

"ஏளா, உடம்புக்கு என்ன செய்யுது? டாக்டர்ட்ட போவமா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. செஞ்சதை எல்லாம் ஏன் செஞ்சேன்னு நெனச்சுப் பாக்கேன்."

"அதுல நெனைக்க என்ன இருக்கு?"

"நேத்து பக்கத்து வீட்டு ரெபேக்காள் அரிவாமணை கேட்டா. இல்லைன்னுட்டேன். இருந்துச்சு. ஏன் அப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியல. நீங்க இப்படி நெனச்சுப் பாக்கதே இல்லியா?"

அவர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு சைக்கிளை எடுத்தார். பாதி வழியில், காலையில் எழுதிய ரிப்போர்ட் ஞாபகம் வந்தது. குற்றாலத்திலிருந்து வந்த வண்டி பதினொரு நிமிஷம் லேட். டிரைவர் பீர் மைதீன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "வண்டிய எடு மொதல்ல" என்று விரட்டிவிட்டு, 'டிரைவர் கவனக்குறைவு' என்று எழுதினார். எல்லாருக்கும் அதைத்தான் எழுதுவார். மூன்று தடவை அப்படி எழுதினால் வேலை போய்விடும். பீர் மைதீனுக்கு இது மூன்றாவது. முதல் இரண்டும் எதற்கு? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

நாலு மணி டிரிப்பில் வந்த பீர் மைதீனிடம், காலையில் ஏன் லேட் என்று கேட்டார்.

"மேலகரத்துல ஒரு பொம்பள ரோட்டுல மயங்கிக் கெடந்துச்சு அண்ணாச்சி. ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கிவிட்டுட்டு வந்தேன்."

ரிப்போர்ட் அதற்குள் முதலாளி மேஜைக்குப் போயிருந்தது. நல்லதம்பி படியேறிப் போனார்.

"விசாரிக்காம எழுதிட்டேன் மொதலாளி. இது மட்டுமில்ல. ரொம்ப நாளா அப்படித்தான் எழுதுதேன்."

முதலாளி அவரையே பார்த்தார். "அப்ப இத்தனை வருஷமா எதுக்குவே நீரு அங்கன நிக்கீரு?"

பீர் மைதீன் வேலை தப்பியது. நல்லதம்பியை மறுவாரமே, இலத்தூர் ரோடு பிரியும் விலக்கில் மழையில் நின்று டிக்கெட் பரிசோதிக்க அனுப்பினார்கள். அது அவருக்குப் பெரிசாகப்படவில்லை. வேறொன்று அரித்தது.

"இதுக்கு முன்னாடி ரெண்டு பேருக்கு வேலை போச்சு. அதுவும் நான் எழுதினதுதான்," என்றார் மனைவியிடம். "என்ன காரணமா இருந்துச்சோ. இப்ப யார்ட்ட போயிக் கேக்க?"

"அவங்கள்ட்டதான்," என்றாள் தங்கபுஷ்பம்.

அந்த இரண்டு பேரில் ஒருவன் பண்பொழியில் இருப்பதாகக் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை போவதென்று முடிவு செய்தார். போய் என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை.