ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய்க்காரன் நான்தான். பொய் என்று ஒன்றை வாயால் சொல்லக்கூட இல்லை. பேச வேண்டிய இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். என்ன விஷயம் என்று இப்போதே சொன்னால் நீங்கள் என் பக்கம் நிற்க மாட்டீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன். முதல் வரைவு: ‘காலை எட்டு மணிக்குத் தெருவில் கேட்ட வெடிச்சத்தத்தில் மக்கள் நாலாபுறமும் சிதறி’ (அடித்தாயிற்று. ஒருவரும் சிதறவில்லை. எதிர்வீட்டு டைப்பிஸ்ட் அம்மா ஜன்னலைச் சாத்தினார், அவ்வளவுதான்.) இரண்டாவது: ‘கார்புரேட்டர் எனப்படுவது பெட்ரோலையும் காற்றையும் தக்க அளவில் கலந்து’ (அக்கா படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள்.) மூன்றாவதுதான் நிற்கிறது:

அன்று காலை அக்காவின் வேன் வெடித்தது.

வழியில் நின்றுபோன வண்டிகளைத் தேடிப் போய் ஓட வைப்பது அக்காவின் தொழில். வேனின் பின்கதவைத் திறந்தால் உள்ளே முழுப் பட்டறை: இடுக்கி, ஸ்பானர் வரிசை, கிரீஸ் டப்பா, உட்கார ஒரு பழைய கார் சீட். அவளுக்குக் கடை, ஆபீஸ், மானம் மரியாதை எல்லாம் அந்த வேன்தான். கார்புரேட்டர் காலத்து வண்டி. அன்று பதினொரு மணிக்கு வண்டிச் சோதனை அலுவலகத்தில் அது ஓடிக் காட்ட வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை தவணை வாங்கியாயிற்று. இந்தத் தடவை தவறினால் பதிவு ரத்து. வேன் பழைய இரும்புக்குப் போய்விடும்.

[ஓர் அடிக்குறிப்பு, இடம் மாறி வந்துவிட்டது: மெக்கானிக்கின் வண்டியே கிளம்பவில்லை என்பதை நல்ல நகைச்சுவை என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு சிரிப்பு வரவில்லை.]

3

இரண்டு எங்கே என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். அச்சுப்பிழை இல்லை. இருபது வருடமாக ஓர் அச்சகத்தில் பிழை திருத்தித்தான் பிழைப்பு நடத்துகிறேன். எண் வரிசை தப்பினால் எனக்குக் கை நமைக்கும். இந்த எண்களை நான் போடவில்லை. போட்டது யார் என்று முடிவில் தெரியும்.

அக்கா செல்ஃப் அடித்தாள். இன்ஜின் குலுங்கியது. கார்புரேட்டர் வாயில் ‘டப்’. பின்னால் சைலன்சரில் ‘டமார்’. அப்புறம் பேச்சு மூச்சில்லை.

“என்னங்க, எந்தப் பக்கம் வெடிச்சுது?”

வண்டிக்குப் பின்னால் நின்ற அத்தான் காதைத் தேய்த்துக்கொண்டார். “முன்னாடி இருமுது. பின்னாடி என்ன பண்ணுதுன்னு நாலு பேர் நிக்கிற தெருவுல என்னைச் சொல்ல வைக்காதே.”

அக்கா சிரிக்கவில்லை. முந்தின நாள் மாலை கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டியவள் அவளே. முடிப்பதற்குள் இருட்டிவிட்டதால், காலையில் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். கார்புரேட்டர் இருமினால் பெரும்பாலும் பெட்ரோல் போதவில்லை, காற்று கூடிவிட்டது என்று அர்த்தம். ஆகவே தன் கைமேலேயே சந்தேகப்பட்டாள். மறுபடி கழற்றினாள், துளைகளை ஊதினாள், மாட்டினாள். டப், டமார். முதல் பிளக்கைக் கழற்றிப் பார்த்தாள். பொறி நீலமாகப் பாய்ந்தது. திரும்பவும் கார்புரேட்டர். மூன்று தடவை ஆயிற்று.

ஒன்பதே காலுக்குக் கொக்கியார் வந்து சேர்ந்தார். நின்ற வண்டிகளைக் கட்டி இழுத்துப்போகும் லாரிக்காரர்.

“என்ன தங்கச்சி, ஊரு வண்டியையெல்லாம் ஓட வைக்கிற, உன் வண்டி பட்டாசுக் கடை ஆயிடுச்சே! கொக்கியப் போட்டுடட்டா?”

“பதினொண்ணு வரைக்கும் பொறுங்கண்ணே. அதுக்கப்புறம் போடுறதுன்னா என்னையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிடுங்க.”

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். “டேய், என் கை போயிடுச்சாடா? நேத்து சாயங்காலம் வரைக்கும் ஓடின வண்டி. நான் தொட்டேன், கெட்டுது. இனிமே அடுத்தவன் வண்டிய எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுத் தொடுவேன்?”

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

[அக்காவின் கண்களில் நீர் திரண்டு— இல்லை. மூக்கைப் புறங்கையால் துடைத்தாள், மூக்கெல்லாம் கிரீஸ். கண் கலங்கியவன் நான்.]

4

பழைய வரைவில் இந்த இடத்தில் ஓர் எலி வந்தது. ராத்திரி இன்ஜினுக்குள் புகுந்து வயர்களைக் கடித்துக் கலைத்துவிட்டுப் போகிறது. அருமையான எலி, மறுத்துப் பேசாது. அதற்கும் முந்தைய வரைவில் பொறாமை பிடித்த கொக்கியார்தான் குற்றவாளி. பாவம், அந்த மனுஷன், செல்ஃப் அடித்து அடித்து வேன் பேட்டரி இறங்கிவிட்டதென்று தன் லாரியிலிருந்து பேட்டரி கழற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரையும் அடித்துவிட்டேன்.

எலி நான்தான்.

அன்று காலை ஆறு மணிக்கு, இன்ஜின் பளிச்சென்று இருந்தால் சோதனை அதிகாரிக்குப் பிடிக்குமே என்று துணியும் கையுமாகப் போனேன். டிஸ்ட்ரிப்யூட்டர் என்று ஒன்று உண்டு. கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு மூடி. அதிலிருந்து நாலு பிளக்குக்கும் நாலு வயர் போகும். ஒவ்வொரு வயரிலும் எண். பல வருடங்களுக்கு முன் அக்காவுக்காக என் கையால் எழுதி ஒட்டியவை. மூடியைச் சுற்றி அவை செருகியிருந்த வரிசையைப் பார்த்தேன்: 1, 3, 4, 2. பகீரென்றது. அவசரத்தில் அக்கா மாற்றிச் செருகிவிட்டாள் என்றே நினைத்தேன். நாலையும் கழுத்தைப் பிடித்து இழுத்தேன், துடைத்தேன், 1, 2, 3, 4 என்று அழகாகச் செருகினேன். என் வாழ்நாளில் நான் செய்த மிக நேர்த்தியான திருத்தம் அதுதான்.

முதல் ‘டமார்’ கேட்டபோதே அந்தத் துணியைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அக்கா ஸ்பானரைக் கீழே வைத்தாள். “என் வேலை சரிதான்,” என்றாள் சத்தமாக. “மூணு தடவை பார்த்தாச்சு, சரின்னா சரி. அப்ப வேற ஏதோ மாறியிருக்கு.” இரண்டடி பின்னால் போய் நின்று முழு இன்ஜினையும் பார்த்தாள்.

“இது ஏன் இவ்வளவு சுத்தமா இருக்கு?”

விரல் வயர்களின் மேல் போயிற்று. ஒன்று. இரண்டு. அங்கேயே நின்றது. பிறகு தெருவே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

“அட, என் வண்டிக்கு யாரோ ஒண்ணு ரெண்டு சொல்லிக் குடுத்திருக்காங்க! ஏங்க, இங்க வாங்க. நாலு சிலிண்டரும் வரிசையா வெடிக்காது. முதல்ல ஒண்ணு, அப்புறம் மூணு, நாலு, கடைசியாத்தான் ரெண்டு. அப்படி வெடிச்சாத்தான் ஆட்டமில்லாம ஓடும். பொறி நேரந்தப்பி வந்தா, வால்வு வாசல் திறந்திருக்கும்போதே தீப்பிடிச்சு முன்னாடியும் பின்னாடியும் வெடிக்கும். இந்தா, பட்டாசு!”

நிமிடத்தில் மாற்றிச் செருகினாள். யார் செய்தது என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பொய் என்று சொன்னேனே, அது இதுதான்.

2

செல்ஃப் அடித்ததும் இன்ஜின் பிடித்துக்கொண்டது! ஆனால் வண்டி முழுக்க உதறல்.

“கிளம்பிடுச்சுல்ல, அப்படியே ஓட்டிட்டுப் போம்மா,” என்றார் கொக்கியார்.

“மிஸ்ஸிங் அடிக்குதுண்ணே. மூணு கால்ல நொண்டிக்கிட்டு அந்த ஆபீஸ் வாசல்ல போய் நிக்க மாட்டேன்.”

இரண்டு நிமிடம் ஓடவிட்டாள். ஒரு டம்ளர் தண்ணீரில் விரலை நனைத்து, இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் நான்கு குழாய்களிலும் தெளித்தாள். முதலில் சுர். இரண்டாவதில் சுர். மூன்றாவதில் தண்ணீர் சத்தமில்லாமல் வழிந்தது. நான்காவதில் சுர்.

“மூணாவது தூங்குது.”

மூன்றாம் வயரை வளைத்துப் பார்த்தாள். கழுத்தருகே உள்கம்பி இற்றிருந்தது. [கழுத்தைப் பிடித்து இழுத்தது யார் என்று மறுபடி சொல்ல வேண்டுமா?] பெட்டியிலிருந்து வேறு வயர் எடுத்து மாட்டினாள்.

நான்கும் சேர்ந்து பாடின! அக்கா மிச்சத் தண்ணீரோடு டம்ளரை ஓடும் இன்ஜின்மேல் வைத்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. கொக்கியார் கொக்கியைச் சுருட்டி வைத்துவிட்டு லாரி ஹாரனை விடாமல் அழுத்தினார். டைப்பிஸ்ட் அம்மா ஜன்னலைத் திறந்து கை தட்டினார். அத்தான் கத்தியது என்னவென்று எவருக்கும் புரியவில்லை. பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே சோதனை வாசலில் நின்றோம். அதிகாரி காதைச் சாய்த்துக் கேட்டு, “நிஜமாவே கார்புரேட்டர் வண்டியா?” என்றார். முத்திரை விழுந்தது. “என் கை எங்கேயும் போகலடா!” என்று அக்கா என் முதுகில் வைத்த அறை இன்னும் எரிகிறது.

இதற்கு இரண்டு முடிவு எழுதினேன். (அ) திரும்பும் வழியில் நான் உண்மையைச் சொல்கிறேன். அக்கா வேனை நிறுத்தி இறக்கிவிடுகிறாள். (ஆ) கடைசிவரை சொல்லாமல்— எதுவும் ஒட்டவில்லை. கடைசியில் எலி வரைவையே அக்காவிடம் கொடுத்து, இன்ஜின் விஷயத்தில் பிழை இருந்தால் திருத்தச் சொன்னேன். அதில் பகுதிகளுக்கு 1, 2, 3, 4 என்றுதான் எண் போட்டிருந்தேன்.

மறுநாள் தாள்கள் திரும்பி வந்தன, ஓரத்தில் கிரீஸ் கட்டைவிரல் அடையாளத்தோடு. எலியைத் தொடவே இல்லை. எண்களை மட்டும் சிவப்புப் பென்சிலால் அடித்து 1, 3, 4, 2 என்று மாற்றியிருந்தாள். அடியில் இரண்டே சொல்: ‘இப்ப ஓடும்.’

அன்றைக்கே எலியை அடித்துவிட்டு நாலாம் பகுதியை எழுதினேன்.

இதோ, வெளியே வேன் ஹாரன். எங்கேயோ வண்டி நின்றுபோயிருக்கிறதாம், துணைக்குக் கூப்பிடுகிறாள். ஏறி உட்கார்ந்ததும் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமா, எழுதியதே போதுமா? அந்த வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். வரிசை தப்பினாலும் பரவாயில்லை, அதை அக்கா பார்த்துக்கொள்வாள்.