சிவசாமி மாமா எழுதும் மழை

நவம்பர் 15, புதன்.

ஹட்டன் மாலை வகுப்பில் ஜீவராணி டீச்சர் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். கடல் சூடானால் நீராவி அதிகம் எழும். அது மேகமாக மாறும்போது தன்னுள் இருந்த சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கும். அந்தச் சூடு காற்றை இன்னும் மேலே தள்ளும், மழை பெருகும். இந்த வருடம் ஆப்பிரிக்கப் பக்கத்துக் கடல் வழக்கத்தைவிடச் சூடு. அப்படிப்பட்ட வருடங்களில் பெரும்பாலும் நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழை கூடுமாம்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் பலகையில் அந்த மழையைக் காணோம். நேற்று 58 மில்லிமீட்டர், இன்று 61. நூறைத் தாண்டினால்தான் மண்சரிவு அபாயம் என்று எங்கள் லயத்து வரிசை வீட்டு ஆட்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க அனுப்புவார்கள். லயத்துக்குப் பின்னால் மண்மேட்டில் உள்ள வெடிப்பில் போன வாரம் விரல் நுழைந்தது. இன்று கை நுழைகிறது.

தினமும் காலை எட்டரைக்கு மழைமானியை அளப்பவர் சிவசாமி மாமா. ஆட்கள் போனால் பறிக்கும் கொழுந்து குறையும் என்று குறைத்து எழுதுகிறாரோ? வெட்டவெளியில் நான் வைத்த பால்மா டின்னில் இன்று காலை 104. டின் சாய்ந்திருந்ததோ என்று மூன்று தரம் அளந்தேன். எங்கோ கடல் சூடானதற்காக இங்கே ஒரு மனிதரைச் சந்தேகிக்கலாமா? இருந்தும் வகுப்புக்குப் போகாமல், ஐந்து மணிக்கு மழைமானிக்கு மேலே தேயிலைக்குள் உட்கார்ந்தேன்.

மாமா வரவில்லை. கொழுந்தை எடை போட்டுவிட்டு அம்மாவும் நாலு பேரும் வந்தார்கள். மழைக்கு இடுப்பில் கட்டியிருந்த, சேறு படிந்த ரப்பர்ப் படங்குகளைக் கழற்றி, மழைமானியைச் சுற்றியுள்ள கம்பிவேலியில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்கு இழுத்துப் போட்டார்கள். மழைமானிக்குக் கூரை போட்டதுபோல் ஆகிவிட்டது.

"ஏம்மா இங்க போடுறீங்க?"

"இங்கதான் மழைல சேறு கழுவிப் போகுது, காத்தும் நல்லா வருது. காலைல ஆறரைக்கு வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போறப்ப எடுத்துக்குவோம். ஒனக்கு இப்ப கிளாசு தேயிலைக்குள்ளயா நடக்குது?"

எட்டரைக்கு மாமா வரும்போது வேலி வெறுமையாக இருக்கும்.

ஒரு படங்கையும் கையோடு எடுத்துப் போய் உடனே மாமாவிடம் சொன்னேன்.

"அப்ப இத்தன நாளா என்னையக் கள்ளன்னு நெனச்ச."

என் டின்னில் இன்று காலை 104 என்றேன்.

"சரி, ஒன் டின்ன நான் எப்படி நம்புறது புள்ள? காட்டு."

டின் சாய்கிறதா, கூரைத்தண்ணீர் சொட்டுகிறதா என்று குனிந்து பார்த்தார். காலையில் காலியாக்கிய டின்னில் அதற்குள் 47. பிறகு வெடிப்பில் கையை விட்டுப் பார்த்தார். முழங்கை வரை போனது.

"டின்னு கணக்கத் தோட்டத்துத் தொர ஏத்துக்க மாட்டாரு. அத நான் பேசிக்கிறேன். நீ சாமானக் கட்டச் சொல்லு."

இவ்வளவு சுலபமாக ஏன் ஒப்புக்கொண்டார்? இன்னும் எனக்கு விளங்கவில்லை. பள்ளிக்கூட வாங்குப் பலகையில் உட்கார்ந்து எழுதுகிறேன். லயத்து ஆறு குடும்பமும் வந்துவிட்டது.