லுவான் முதலாளியின் வழியனுப்பு விருந்து

தெமிசே ஊருக்குப் போகிறான் என்று லுவான் முதலாளி கொடுத்த வழியனுப்பு விருந்து இருபதாவது வருடமாக நடந்துகொண்டிருக்கிறது. எங்கள் பூண்டு மண்டித் தெருவில், ஷி அக்காவின் சாப்பாட்டுக்கடை மாடியில், வட்ட மேசை போட்ட தனியறை அது. வெளியூர்க்காரர்கள் அண்ணாந்து பார்த்து ஏதோ கல்யாணம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள்தான் என்று சொல்கிறவர்கள் சீனாவில் எங்கள் ஷான்தோங் பக்கம் வந்து சாப்பிட்டதில்லை.

தெமிசே எத்தியோப்பியாவில் வொல்லோ பக்கத்துக்காரன். எங்கள் ஜினான் நகரத்துக்குப் படிக்க வந்து, படிப்பு முடிந்ததும் லுவானின் குளிர்கிடங்கில் இயந்திரம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தான். எங்கள் பேச்சு அவனுக்கு நன்றாகவே வரும். ஆனாலும் கடைகளில் பக்கத்து மேசையைக் கைகாட்டி அதையே கொண்டுவரச் சொல்வான். வாயைத் திறந்து கேட்டால் பரிமாறுகிறவள் அதிசயித்து நின்றுவிடுவாள், சாப்பாடு வர அரைமணி ஆகும். பன்றிக்கறி தொடமாட்டான். புதனும் வெள்ளியும் விரதம், அன்றைக்கு தோஃபுவும் கீரையும்தான். பெரும்பாலும் மூலைக்கடை நூடுல்ஸ்தான் சாப்பிடுவான், தனியாக, சுவரைப் பார்த்தபடி. கிண்ணத்தைக் கழுவவே வேண்டாம், அப்படி வழித்துவிடுவான். தனியாகச் சாப்பிடுகிறவன் கிண்ணத்தை வழித்தால் சமைத்தவனுக்குப் பெருமை என்பதால் கடைக்காரன் அவனை மெச்சிக்கொள்வான். அந்த வழியனுப்பு விருந்து வரைக்கும் யாரும் அவனை ஒருமுறைகூட மேசை விருந்துக்கு அழைக்கவில்லை என்பதை இப்போது நினைத்தால் எங்களுக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

மேசை விருந்தின் முறை வேறு. தட்டு காலியானால் விருந்தாளிக்கு வயிறு நிறையவில்லை என்று அர்த்தம். அழைத்தவர் மறுபடி வரவழைத்தாக வேண்டும். தட்டில் மிச்சம் கிடந்தால்தான் அவர் மானம் தப்பும், எல்லோரும் எழலாம். தெமிசேவுக்கோ மிச்சம் வைக்க வராது. பஞ்ச வருடத்தில் அவனுடைய தங்கை பசியில் செத்தாள். அன்றிலிருந்து தன் எதிரே வைத்த எதையும் அவன் விட்டு எழுந்ததில்லை.

முந்தின வருடம் ஊருக்குப் போய் அவன் மணந்துகொண்ட யெஷி அங்கே பிள்ளை பெற்றிருந்தாள். மகள், செனெபெச் என்று பெயர். அவளைப் பார்க்கத்தான் அவன் வேலையை விட்டுக் கிளம்பினான். மறுநாள் காலை ரயில். லுவான் கதவைப் பார்த்த இருக்கையில் உட்கார்ந்து, முதல் விருந்தாளியாக அவனைத் தன் வலப்பக்கம் இருத்தி, மீனின் தலை அவன் பக்கம் இருக்கும்படி தட்டைத் திருப்பி வைத்தார். "சாப்பிடு தம்பி, ஒண்ணுமே இல்ல, சும்மா ரெண்டு தட்டு" என்றார். தெமிசே வைத்ததை எல்லாம் சாப்பிட்டான். லுவான் முகம் சிவந்து கோழி வரவழைத்தார். கோழி தீர்ந்ததும் ஆடு, ஆடு தீர்ந்ததும் தாமரைக்கிழங்கு. விடிந்தது. ரயில் போய்விட்டது.

சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். விருந்தாளியிடம் மிச்சம் வை என்றால் தின்றது போதும் என்று அர்த்தம். லுவானிடம் நிறுத்துங்கள் என்றால் உங்கள் கையில் காசில்லை என்று அர்த்தம். இரண்டையும் சொல்ல எங்களில் ஒருவருக்கும் நாக்கு எழவில்லை. முதல் குளிர்காலத்தில் லுவானின் குளிர்கிடங்கு போனது. அதன் பின் வீடு போனது. அவர் மனைவி தாய்வீடு போய்ச் சேர்ந்தாள். பிறகு தெருவே முறைவைத்து ஆக்கிக் கொடுக்கத் தொடங்கியது. அவருடைய மானம் எங்கள் மானமாகிவிட்டது, வேறென்ன செய்ய. நல்லது மாடிக்குப் போகும், எங்கள் பிள்ளைகள் கஞ்சி குடிக்கும். தெமிசே சாப்பிடச் சாப்பிட இளைத்தான். கன்னம் ஒட்டி, தோள் எலும்பு சட்டைக்கு மேலே தெரிந்தது. யெஷி இறந்துபோன சேதி வந்த அன்று மேசையிலேயே விம்மி விம்மி அழுதான். கை மட்டும் நிற்கவில்லை.

லுவான் ஒரு தை மாதக் குளிரில், மீன் துண்டை விருந்தாளியின் கிண்ணத்தில் வைக்கும்போதே செத்துப்போனார். முறைப்படி எரித்தோம். சாம்பலோடு திரும்பி வந்து பார்த்தால் கதவைப் பார்த்த இருக்கையில் அவர் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் வெளிறியிருந்தார், புகைவாடை அடித்தது. விருந்தாளி சாப்பிட்டு முடிக்கும் முன் அழைத்தவர் எழுந்து போகக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம், ஆகவே யாரும் ஒன்றும் கேட்கவில்லை. "என்ன நின்னுட்டு இருக்கீங்க, ஆட்டுக்கால் சூப் என்னாச்சு?" என்றார். ஷி அக்கா கீழே ஓடினாள்.

போன வசந்தத்தில் செனெபெச் வந்தாள். நல்ல உயரம், அப்பனின் நெற்றி. ஊரில் சீன முதலாளிகளின் துணி ஆலையில் வேலை பார்த்து எங்கள் பேச்சையும் மேசை முறையையும் கற்றிருந்தாள். அப்பனை அழைத்துப் போகத்தான் கற்றாளாம். மாடியேறி வந்து அப்பன் பக்கத்தில் குனிந்தாள்.

"அப்பா, தட்டுல கொஞ்சம் மிச்சம் வைங்க. அவ்வளவுதான். எந்திரிச்சுப் போயிரலாம்."

"தெரியும்மா. வந்த கொஞ்ச வருஷத்துலயே தெரிஞ்சுபோச்சு. கை கேக்க மாட்டேங்குது."

நாங்கள் வாசலில் நின்று கேட்டோம். இத்தனை வருடம் அவனுக்குத் தெரியாது என்று நினைத்துத்தான் எங்களை நாங்களே தேற்றிக்கொண்டிருந்தோம்.

அவள் யோசித்தாள். பிறகு லுவானுக்கு முன்னால் போய் நின்று, "பெரியப்பா, நான் அப்பாவைவிட புதுசா, தூரத்துலேருந்து வந்தவ. இன்னைக்கு நான்தானே விருந்தாளி?" என்றாள். லுவான் சாம்பல் படிந்த கண்ணால் அவளை அளந்தார். நியாயம்தான் என்று தலையாட்டினார். தெமிசே எழுந்து ஓர் இருக்கை தள்ளி உட்கார்ந்தான். அவன் எழுந்ததை அன்றுதான் பார்த்தோம்.

மீனின் தலை அவள் பக்கம் திரும்பியது. பாதி சாப்பிட்டாள். குச்சிகளை இணையாகக் கீழே வைத்து, "போதும் பெரியப்பா, வயிறு நிறைஞ்சிருச்சு, மூச்சு விட முடியல" என்றாள். எங்கள் பெண்களே அவ்வளவு சரியாகச் சொல்லமாட்டார்கள். லுவானின் முகத்தில் இருபது வருட இறுக்கம் தளர்ந்தது. எழுந்து போய் நிம்மதியாகச் செத்துப்போக, மேசையில் இரு கையையும் ஊன்றினார். ஷி அக்கா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் வாயைப் பொத்தினாள்.

தெமிசே மகளின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பால் குடித்ததைப் பார்த்ததில்லை, முதல் சோறு ஊட்டியதில்லை. அவள் சாப்பிட்டு அவன் பார்த்த முதல் சாப்பாடு அது. பெற்ற பிள்ளை வைத்த மிச்சம். கை நீட்டித் தட்டை இழுத்து, முள்ளைப் பிரித்து, குழம்பை விரலால் வழித்து, ஒன்றும் விடாமல் சாப்பிட்டான். அவ்வளவு ஆசையாக அவன் எதையும் சாப்பிட்டதில்லை.

லுவான் மெல்ல மறுபடி உட்கார்ந்தார். "இன்னொரு மீன் கொண்டு வாங்க, பிள்ளைக்குப் பத்தல" என்றார்.

செனெபெச் ஊருக்குத் திரும்பிப் போகவில்லை, தெமிசே மறுபடி லுவானின் வலப்பக்கத்துக்கே வந்துவிட்டான். ஷி அக்காவுக்கு முதுகு வளைந்துவிட்டதால் இப்போது மாடிக்குத் தட்டுகளை அவள்தான் சுமக்கிறாள். ஒவ்வொரு தட்டு வைக்கும்போதும் அப்பன் தன் ஊர் வழக்கப்படி முதல் கவளத்தை உருட்டி அவள் வாயில் ஊட்டுகிறான். அவள் அதை மென்றுகொண்டே காலித் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு கீழே இறங்குகிறாள்.