விட்டுப்போன பெயர்

அக்கா ஊனாவைக் கரையில் விட்டுவிட்டு நாங்கள் கப்பலேறியபோது எனக்கு எட்டு வயது. அவளுக்குப் பதினான்கு.

வட ஊயிஸ்ட் தீவில் எங்கள் வீட்டுக் கூரையை நிலக்காரரின் ஆட்கள் பிரித்துப் போட்டிருந்தார்கள். ஆடு மேய்க்க நிலம் வேண்டுமாம். கனடா போகச் சம்மதித்த குடும்பங்களுக்குக் கப்பலில் இடம், மற்றவர்கள் எங்கே போனால் என்ன என்ற பேச்சு. கூரையில்லாத சுவர்களுக்குள் சில நாள் மழையில் கிடந்தோம். அதில் ஊனாவுக்குக் காய்ச்சல் கண்டது.

கப்பல்துறையில் ஒரு மருத்துவர் ஒவ்வொருவருடைய நாக்கையும் பார்த்து உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். ஊனாவின் முறை வந்ததும் அவள் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இவள் ஏறக்கூடாது" என்றார். அவ்வளவுதான். அடுத்த குடும்பத்தைக் கூப்பிட்டார்.

அம்மா என் தம்பி சோர்லியை இடுப்பில் இடுக்கியபடியே மூட்டையைக் கீழே வைத்தாள். "நான் இவளோட இருந்துக்கிறேன். நீங்க சின்னதுங்களக் கூட்டிட்டுப் போங்க."

"சோர்லி இன்னும் பால் மறக்கல. அவன நான் என்ன குடுத்து வளப்பேன், கடல் தண்ணியா?" என்றார் அப்பா.

"அப்ப எல்லாரும் இருப்போம்."

"எங்க இருப்போம் மார்சலி? சொல்லு, எங்க?"

அம்மா மூட்டையை மறுபடி தூக்கிக்கொண்டாள். அப்பா ஊனாவைக் கைப்பிடித்து, கரையோரக் குடிசையில் இருந்த கிர்ஸ்டி அத்தை வீட்டுக்குக் கூட்டிப்போனார். நானும் அவர் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். அத்தை கடற்பாசிக் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு கம்பளியை விரித்து அக்காவை உட்காரவைத்தாள்.

"கப்பல் நாளைக்குத்தான் கெளம்புதாம். நீ படுத்துத் தூங்கு. சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார் அப்பா.

"சத்தியமா?"

"சத்தியமா."

நானும் அதை நம்பினேன். அக்காவும் நம்பித்தான் கம்பளியைத் தலைவரை இழுத்துக்கொண்டாள்.

உச்சிப்பொழுதில் பாய்கள் ஏறின. கரையோரமாக யாரோ ஓடி வருவதை மேல்தளத்திலிருந்து முதலில் பார்த்தது அம்மாதான். காய்ச்சலோடு, வெறுங்காலோடு, பாறை முடிகிற இடம்வரை ஊனா ஓடி வந்தாள். அவள் வாய் திறந்து மூடுவது தெரிந்தது. காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் ஒரு சத்தமும் எங்களை வந்து சேரவில்லை. அப்பா கப்பலின் மறுபக்கத்தில் போய் நின்றுகொண்டிருந்தார்.

கனடாவில் நாங்கள் இறங்கிய கேப் பிரெட்டனில் கரையோர நிலமெல்லாம் எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் எடுத்தது போக, மலைக்குப் பின்னால் கல்லும் காடுமாக இருந்த துண்டுதான் எங்களுக்குக் கிடைத்தது. எங்கள் தீவில் மரமே கிடையாது. அப்பா அதுவரை ஒரு மரத்தைக்கூட வெட்டியதில்லை. முதல் மரம் எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாமல் நாங்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். பிறகு அவர் வெறிபிடித்தவர்போல் வெட்டினார். உள்ளங்கை கிழிந்து கோடரிக் காம்பில் ரத்தம் காய்ந்திருக்கும். போதும் என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. மாட்டைப் பற்றி, உருளைக்கிழங்கைப் பற்றி, பனியைப் பற்றி அவரிடம் பேசுவாள். ஊனாவின் பெயரை மட்டும் அவரிடம் எடுக்கமாட்டாள்.

அக்கா பிழைத்துவிட்டாள் என்று இரண்டு வருஷம் கழித்து, தீவிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். அப்பா அந்த மனிதரை உட்காரவைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டார். அவளை வரவழைக்கப் பாதிரியார் மூலமாக ஏற்பாடும் ஆனது. அவளோ, "நான் வரல" என்று ஒரே வார்த்தை சொல்லி அனுப்பினாள். கோபம் தீர்ந்ததும் வருவாள், மறுபடி கூப்பிடலாம் என்றிருந்தோம். அதற்குள் உருளைக்கிழங்கு அழுகிய வருஷங்கள் வந்தன. கப்பலுக்கென்று சேர்த்ததெல்லாம் மாவுக்குப் போனது. பிறகு, கிர்ஸ்டி அத்தை குடும்பத்தையும் ஆஸ்திரேலியாவுக்கு ஏற்றிவிட்டார்கள், ஊனாவும் கூடவே போனாள், அந்தக் கப்பலில் கொள்ளை நோய் என்று கேள்விப்பட்டோம். அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. மகள் செத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டே அம்மா இறந்துபோனாள்.

எங்கள் ஜனங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. யார் வீட்டுப் பிள்ளை என்று யாராவது கேட்டால் ஊர் பெயர் சொல்லமாட்டோம். தகப்பன் பெயர், அவர் தகப்பன் பெயர், அவருக்கும் தகப்பன் பெயர் என்று ஞாபகம் எட்டும்வரை சொல்லுவோம். அப்பாவுக்கு நல்ல குரல். கல்யாண வீடுகளில் பெயர்களைச் சொல்ல அவரை எழுந்து நிற்கவைப்பார்கள். டோர்மட் மர்டோவின் மகன், மர்டோ ஒற்றைக்கை ஈவனின் மகன், ஈவன் சிவப்பு லாக்லனின் மகன், லாக்லன் பாட்டுக்கார நீலின் மகன், நீல் படகோட்டி ஃபெர்ஹரின் மகன். டோர்மட் என்பது அப்பா.

என் கணவர் மீன்பிடிக்கப் போய்த் திரும்பாததால் நான் அப்பா வீட்டுக்கே வந்து, அவருக்குச் சமைத்துப்போட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது, கண் மங்கிவிட்டது. ஒரு இலையுதிர் காலத்துக் காலை, கொல்லர் ரானல்ட் குதிரைவண்டியை எங்கள் முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"எஃபி, துறைமுகத்துல ஒரு கூத்து நடக்குது. நீ வந்தே ஆகணும்."

"எனக்கு வெண்ணெய் கடையிற வேலை கெடக்கு. கூத்த நீங்களே பாருங்க."

"கேளு முதல்ல. நிலக்கரி ஏத்த வந்த கப்பல்ல ஒரு மாலுமிப் பய. நம்ம பேச்சுல ஒரு வார்த்தை வராது, தண்ணி கேக்கக்கூடத் தெரியல. ஆனா போற வர்றவங்களையெல்லாம் நிறுத்தி உங்க பாட்டன் பூட்டன் பேரெல்லாம் ஒப்பிக்கிறான். சிவப்பு லாக்லன், பாட்டுக்கார நீலு, எல்லாரும் வர்றாங்க. எங்க பயலுக சிரிச்சு உருளுறானுங்க, கிளி பேசுதுன்னு." குரலைத் தாழ்த்தினார். "உங்கப்பா பேர மட்டும் காணோம்."

நான் கையைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டேன்.

அவன் ஒரு பீப்பாய்மேல் உட்கார்ந்திருந்தான். இருபத்திரண்டு வயது இருக்கும். வெயிலில் வெந்த முகம். காது மட்டும் அச்சு அசலாக எங்கள் அம்மாவின் காது, மேல்நுனி மடிந்தது. எனக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வரும்.

"உன் பேர் என்ன?"

"ஆர்ச்சி டாலி. எங்கப்பா ஆடு மேய்க்கிறவரு. எங்கம்மா ஊனா." உடனே பாட்டுப்போல ஆரம்பித்துவிட்டான்: "ஊனா மர்டோவின் மகள், மர்டோ ஒற்றைக்கை ஈவனின் மகன்..."

"ஊனா எங்க?"

"போன வருஷம் செத்துப்போயிட்டாங்க. நீங்க யாரு?"

"அவ தங்கச்சி" என்றேன். ரானல்ட் தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சுற்றிச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்துபோனார்கள்.

திரும்பும் வழியில் அவனிடம் கேட்டேன். "அம்மா அவங்கப்பாவைப் பத்தி என்ன சொன்னா?"

"செத்துட்டாருன்னாங்க. அவங்களுக்குக் காய்ச்சல் வந்த அன்னிக்கே செத்துட்டாராம்."

"அவர் உயிரோட இருக்கார் ஆர்ச்சி. இப்ப அவர்கிட்டத்தான் போறோம்."

வண்டி ஓடையைத் தாண்டியதும், அம்மா ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்டான். கரையில் நடந்ததை நான் ஒளிக்காமல் சொன்னேன். கம்பளி, சத்தியம், பாறை, எல்லாம்.

"அதனாலதான்" என்றான். "நான் கப்பல் வேலைக்குப் போறேன்னதும் எங்கம்மா வழியனுப்ப வரல சித்தி. வீட்டுக்குள்ளயே இருந்துக்கிட்டாங்க. அப்பாதான் வந்தாரு."

சித்தி என்று என்னை யாரும் கூப்பிட்டதில்லை. சோர்லிக்குப் பிள்ளைகள் உண்டு, ஆனால் அவர்களுக்கு நான் அத்தை.

"உனக்கு ஒரு பேர் சொல்லித்தரட்டுமா? ஊனாவுக்கும் மர்டோவுக்கும் நடுவுல அது வரணும். கெழவருக்குக் கண்ணு தெரியாது, காதுதான் உசுரு. அவர் பேர் இல்லாம நீ ஒப்பிச்சா அதத் தாங்கமாட்டார்."

அவன் யோசித்தான். "ஒரு பேர மாத்திச் சொன்னாலும் அம்மா வாசலுக்கு வெளிய நிக்கவெச்சிருவாங்க. இந்தப் பேருங்களுக்கு என்ன அர்த்தம்னுகூட எனக்குத் தெரியாது. சொல்லுன்னா சொல்லுவேன். அவ்வளவுதான்." கடைசியில், "சரி, வயசானவரு" என்றான்.

டோர்மட், டோர்மட் என்று மலையேறும்வரை சொல்லிக்கொண்டே வந்தான்.

அப்பா அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். புதுக் காலடி கேட்டதும் தலையை நிமிர்த்தி, எங்கள் பேச்சில், "யாரு வீட்டுப் புள்ள?" என்று கேட்டார்.

கேள்வி புரிந்துதானோ, அல்லது எங்கே பார்த்தாலும் சொல்லிப் பழகியதாலோ, ஆர்ச்சி நேராக நின்று ஆரம்பித்தான். "ஊனா டோர்மட்டின் மகள், டோர்மட் மர்டோவின் மகன், மர்டோ ஒற்றைக்கை ஈவனின் மகன்..." ஃபெர்ஹர்வரை போய் நிறுத்தினான்.

ஊனா என்ற முதல் சொல்லிலேயே அப்பாவின் கை நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டது. முழுவதையும் கேட்டு முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எஃபி, என் பேர யாரு உள்ள வெச்சது?"

"என்னப்பா கேக்குறீங்க? அவன்தான் சொல்றானே."

"மத்த பேரெல்லாம் பால்குடிக்கும்போதே வாயில ஊறுனது. ஊனா எப்படி இழுப்பாளோ அப்படியே இழுக்கிறான். என் பேர மட்டும் கல்லத் தாண்டுற மாதிரித் தாண்டுறான். அது இன்னிக்கிக் காலையில கத்துக்கிட்டது. நீ சொல்ற மாதிரியே சொல்றான்."

என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"அவ எப்படிச் சொல்லிக்குடுத்தாளோ அப்படிச் சொல்லச் சொல்லு."

"வேண்டாம்ப்பா."

"சொல்லச் சொல்லு."

ஆர்ச்சியிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் என்னையும் கிழவரையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். ஊனா மர்டோவின் மகள். இந்தமுறை ஒரு தடங்கலும் இல்லை. ஓடை இறங்குவதுபோல் கடைசிப் பெயர்வரை தானாக இறங்கிப்போனது.

"சரிதான்" என்றார் அப்பா. "ஒரு பேர்கூடத் தப்பில்ல. நல்லா வளத்திருக்கா."

அதன்பிறகு அழுதார். அம்மா இறந்த அன்றுகூட அவர் அழுது நான் பார்க்கவில்லை. ஆர்ச்சிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் காலடியில் போய்த் தரையில் உட்கார்ந்தான். அப்பா அவன் தலையைத் தடவினார், முகத்தைத் தடவினார், காதுக்கு வந்ததும் கை அங்கேயே நின்றுவிட்டது. "இது மார்சலியோடது" என்றார்.

கப்பலில் கரி ஏறி முடிகிறவரை அவன் எங்களோடு இருந்தான். தம்பி சோர்லி தன் பிள்ளைகளோடு வந்தான். ரானல்ட் ஒரு பன்றித்தொடை கொண்டுவந்தார். ஓட்ஸ் கஞ்சியை ஆர்ச்சி முகம் சுளித்துக்கொண்டே சாப்பிட்டான். "இது கெடைக்கலன்னுதான் எங்கம்மா அழுவாங்களா?" என்று கேட்டு எங்களையெல்லாம் சிரிக்கவைத்தான். பேச்சை மாற்றிச் சொல்ல என்னை நடுவில் வைத்துக்கொண்டு அப்பா ஓயாமல் விசாரித்தார். ஊனா குண்டா ஒல்லியா, பாடுவாளா, புருஷன் அடிப்பானா, எதில் செத்தாள். அவள் பாடமாட்டாள் என்று அவன் சொன்னபோது, "சின்னதுல பாடுவா" என்று அப்பா எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னார். தன்னைப் பற்றி அவள் என்ன சொன்னாள் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

கிளம்புகிற நாளில் அவன் அப்பாவின் முன்னால் நின்று, என்னைக் கேட்கச் சொன்னான். "நாளைக்கு எனக்குப் பிள்ளைங்க பொறந்தா எப்படிச் சொல்லிக்குடுக்கட்டும்? உங்க பேரோடவா, இல்லாமலா?"

அப்பா அவன் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "அது உங்கம்மா முடிவு பண்ணது. அத மாத்தச் சொல்ல எனக்கு வாயில்ல. உனக்கு எது சரின்னு படுதோ அப்படிச் செய்" என்றார்.

துறைமுகத்தில் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "சித்தி, இந்தப் பேருல உள்ளவங்கல்லாம் யாரு? அம்மா சொன்னதே இல்ல. நெஜமான ஆளுங்களா?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஈவன் கையை ஒரு சண்டையில் இழந்தவர். லாக்லனுக்குத் தலைமயிர் சிவப்பு. நீல் எல்லாக் கல்யாணத்திலும் பாடி எல்லாக் கல்யாணத்திலும் அடிவாங்கியவர். ஃபெர்ஹரைக் கடல் கொண்டுபோனது. ஆர்ச்சி சிரித்தான்.

"டோர்மட்?"

"மரமே பாக்காத ஆளு" என்றேன். "ஒரு காட்டையே வெட்டி நெலமாக்குனாரு."

அவன் தலையாட்டிவிட்டு ஏணியில் ஏறினான். அந்தப் பெயரை அவன் தன்னோடு கொண்டுபோனானா, கரையிலேயே விட்டுப்போனானா, எனக்குத் தெரியாது. அதன்பிறகு அவனைப் பற்றி ஒரு சேதியும் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார். "என்னைப் பத்திக் கேட்டானா?"

"கேட்டான். காட்ட நெலமாக்குனாருன்னு சொன்னேன்."

"கரையில நடந்தது?"

"மொத நாளே வண்டியில சொல்லிட்டேன்."

"நல்லது. ரெண்டும் தெரிஞ்சிருக்கட்டும்."

அதற்குப்பின் எந்தக் கல்யாணத்திலும் அவர் பெயர்களைச் சொல்ல எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டால் தொண்டை சரியில்லை என்பார். இரண்டாவது குளிர்காலம் முடிகிற சமயத்தில், மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நிலம் இன்னும் உறைந்து கிடந்தது. சோர்லி அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் காலையிலிருந்து தீ மூட்டி மண்ணை இளக்கினான். அதன்பிறகுதான் மண்வெட்டி இறங்கியது.